ஐயர் கோப்பையில் என்ன இருந்தது?



புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் திராட்சரசம் பரிமாறப்பட்ட விருந்தில் உங்கள் போதகர் அமர்ந்திருந்தார் என்னும் செய்தி, அந்த விருந்து முடியுமுன்பே கூனிமேட்டை வந்தடைந்துவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்தப் பேருந்தும் அவ்வளவு விரைவாக ஓடியதில்லை. செய்தி உண்மைதான். நான் திருமணம் நடத்திவைத்த ஒரு தம்பதியர் இப்போது பிரான்சில் வாழ்கிறார்கள். விடுமுறைக்கு வந்திருந்தவர்கள் தங்கள் மணநாளன்று என்னையும் அழைத்தார்கள். சென்றேன்; மூன்று மணி நேரம் இருந்தேன்.

அன்று முதல் நேராகவும் சுற்றிவளைத்தும் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: ஐயர் கோப்பையில் என்ன இருந்தது? தண்ணீர் இருந்தது. இதை வாசித்து நிம்மதி அடைந்தவர்களும், சற்றே ஏமாந்துபோனவர்களும் உங்களில் இருப்பீர்கள். என் கோப்பையைக் குறித்த கேள்வி மிகவும் சிறியது. அந்த மேசையைக் குறித்து நாம் கேட்கவேண்டிய கேள்வி அதைவிடப் பெரியது. அதைப்பற்றியே இவ்வாரம் எழுதுகிறேன்.

இத்தகைய விருந்து இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். திராட்சத்தோட்டம் வைத்து ரசம் தயாரிப்பவர் தாமே விருந்தளிப்பவராக வந்து அமர்கிறார். ஐந்து வகை உணவு ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. ஒவ்வொன்றோடும் அதற்குப் பொருந்தும் ஒரு ரசம் ஊற்றப்படுகிறது. முதலில் நுரைக்கும் ரசம், பிறகு வெள்ளை, பிறகு இளஞ்சிவப்பு, பிறகு சிவப்பு, முடிவில் இனிப்பானது. வரிசைக்குக் காரணம் உண்டு. கனத்த சிவப்பு ரசத்தை முதலில் குடித்தால் அதன் துவர்ப்பு நாவில் தங்கி, பின்னால் வரும் மென்மையான ரசத்தின் சுவையை மறைத்துவிடும். வஞ்சிரத்துக்கு வெள்ளை ரசம் ஏன் என்றால், நாம் எலுமிச்சை பிழிவது எதற்கோ அதற்காகவே. சிவப்பு ரசத்தை மீனோடு சேர்த்தால் வாயில் இரும்பு வாடை அடிக்கும். காரமான குழம்போடு சிவப்பு ரசம் கூடாதாம். மிளகாயின் எரிச்சலை அது இன்னும் கூட்டும், சற்றே இனிப்பான வெள்ளை ரசம் தணிக்கும். அன்றைய சமையற்காரர் அந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்திருந்தார்: மிளகாயையே எடுத்துவிட்டார். நெத்திலிக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அந்த மீன் பத்திய உணவு போலவே இருந்தது.

இது பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற பழக்கம் மட்டுமே என்று எண்ணவேண்டாம். நாசிக்கில் சூலா நிறுவனத்தின் முதல் ரசம் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெங்களூரை அடுத்த நந்தி மலைப் பகுதியில் குரோவர் தோட்டத்துக்கு மிஷேல் ரோலான் என்னும் பொர்தோ நிபுணர் ஆலோசனை சொன்னார். சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜில் ஃபிராத்தெல்லி நிறுவனத்துக்கு இத்தாலியின் தொஸ்கானாவிலிருந்து பியேரோ மாசி வந்து ரசம் ஆக்கினார். இன்று நம் நாட்டுப் பெருநகரங்களின் பெரிய ஓட்டல்களில் இத்தகைய விருந்துகள் புதுமையல்ல. நம் கடற்கரைக்கும் அயல்நாட்டார் மேசை புதிதன்று. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி நம் கூனிமேட்டில் ஒரு பண்டகசாலை வைத்திருந்தது. அவர்களுடைய ஏடுகளில் நம் ஊரின் பெயர் 'கோனிமேர்'.

அந்தத் தோட்டக்காரரைப் பற்றி நல்லதையே சொல்லவேண்டும். பகட்டுக்காரர் ஒருவரை எதிர்பார்த்துச் சென்றேன், வந்தவர் விவசாயி. விரல் நகங்களின் ஓரத்தில் கழுவினாலும் போகாத கறை இருந்தது. கல் நிறைந்த மேட்டு நிலம், வேர் நீரைத் தேடி ஆழமாக இறங்கவேண்டும், ஆகவே தண்ணீர் பாய்ச்சுவதில்லை என்றார். நட்டு மூன்று ஆண்டுகள் வரை பயனுள்ள விளைச்சலை எதிர்பார்ப்பதில்லை. குளிர்காலத்தில், சென்ற ஆண்டின் கிளைகளில் பெரும்பகுதியை வெட்டி எறிகிறார்கள். வெட்டாத கொடி இலையாகவே செழித்துக் கனியை மறந்துவிடும். கோடையின் நடுவில், காய்த்த குலைகளிலும் சிலவற்றைத் தரையில் தள்ளுகிறார்கள், மீந்தவை திரளும்படி. வசந்தத்தில் ஓர் இரவு பனி உறைந்தால் ஆண்டு முழுவதும் பட்ட பாடு அந்த ஓர் இரவில் போய்விடும். இதைச் சொல்லும்போது அவருடைய குரல் தாழ்ந்தது. சுற்றிலும் இருந்தவர்கள் கோப்பையைச் சுழற்றி முகர்ந்துகொண்டிருக்க, நான் யோவான் 15ஆம் அதிகாரத்தை முதன்முறையாகக் கேட்பவன்போல உட்கார்ந்திருந்தேன். இறையியல் கல்லூரியில் அந்த அதிகாரத்தைக் கிரேக்க மூலத்தில் படித்தேன்; கத்தரி பிடித்த கையின் வழியாக அன்றுதான் படித்தேன். அந்த ஒன்றுக்காகவே அங்குச் சென்றதில் எனக்கு மகிழ்ச்சி.

ஒரு சிறு குறிப்பை இங்கே சேர்க்கிறேன். மேசைமீது சிறு கிண்ணத்தில் இளஞ்சிவப்பு நிற உப்பு வைத்திருந்தார்கள். மலையிலிருந்து வந்தது என்று பெருமையாகச் சொன்னார்கள். வடக்கே சிறிது தொலைவில், மரக்காணத்தின் உப்பளங்களில், நம் சபையாரும் அவர்களுடைய அண்டை வீட்டாரும் வெறுங்காலோடு பாத்தியில் நின்று உப்பு வாருகிறார்கள். எந்த மேட்டில் எந்தக் கொடி விளைந்தது என்று மூன்று மணி நேரம் பேசிய மேசையில், உப்பை வாரிய கையைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. குற்றம் சாட்டவில்லை, கண்டதைச் சொல்கிறேன்.

இனி கணக்கு. ஒவ்வொரு முறையும் ஊற்றப்பட்டது ஏறத்தாழ 75 மில்லி. ஐந்து முறைக்கு 375 மில்லி, அதாவது அரைப் புட்டி. நூற்றுக்கு 13 பங்கு மதுசாரம் என்று வைத்தால், ஏறத்தாழ 49 மில்லி சுத்த மதுசாரம். நம் ஊரில் 'குவார்ட்டர்' என்று சொல்லப்படும் 180 மில்லிப் புட்டியில், நூற்றுக்கு 42.8 பங்கு என்னும் வழக்கமான கணக்கில், 77 மில்லி இருக்கும். ஆகவே அந்த விருந்தை முழுமையாக உண்டு எழுந்தவர், வெள்ளைத் துணி விரித்த மேசையிலிருந்து ஒரு குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்கு குடித்து எழுந்தவர். ரசம் சுவைப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் ஒரே நாளில் பல பத்து வகைகளைச் சுவைத்தாலும் விழுங்குவதில்லை. பக்கத்தில் வைத்த பாத்திரத்தில் துப்பிவிடுகிறார்கள். சுவைப்பது வேறு, குடிப்பது வேறு என்று அவர்களுக்குத் தெரியும். அன்று துப்பும் பாத்திரத்தை யாரும் கேட்கவில்லை.

உடல் இந்தக் கணக்கைத்தான் பார்க்கிறது. நாமோ, ஒருவரைக் 'குடிகாரன்' என்கிறோம். மற்றவரை 'ரசனை உள்ளவர்' என்கிறோம். சபைக்குள்ளும் அப்படியே. உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு சகோதரர் வாடையோடு ஆராதனைக்கு வந்தால் பின்வரிசையில் இருந்தபடியே வெளியே அழைத்துச் செல்லப்படுகிறார். திருமண வரவேற்பை நகரத்து ஓட்டலில் வைத்து, மேல்மாடியில் 'நண்பர்களுக்காக' ஒரு தனி அறையும் எடுக்கும் குடும்பத்துக்கு நன்றி ஆராதனையில் முன்வரிசை. அந்த மேல்மாடி அறைகளைப் பற்றி உங்கள் போதகருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தால், தெரியும்.

அப்படியானால் திராட்சரசம் பாவமா? நம் நாட்டுப் பிரசங்கிகள் பலர் இந்தக் கேள்விக்கு எளிதான விடை ஒன்று வைத்திருக்கிறார்கள்: வேதத்தில் நல்லவிதமாகச் சொல்லப்படும் இடங்களில் இருப்பது புளிக்காத சாறு, தீயவிதமாகச் சொல்லப்படும் இடங்களில் இருப்பது மதுபானம் என்று. நல்ல நோக்கத்தோடு சொல்லப்படும் விடை; ஆனால் உண்மையன்று. யூதேயாவில் திராட்சை அறுவடை கோடையின் முடிவில். பஸ்கா வருவது வசந்தத்தில். பிழிந்த சாற்றை அத்தனை மாதம் புளிக்காமல் வைத்திருக்கும் எளிய வழி அன்று இருக்கவில்லை. புளிப்பது எதனால் என்று பாஸ்டர் கண்டறிந்ததே 19ஆம் நூற்றாண்டில். அதைப் பின்பற்றி, 1869இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், தாமஸ் வெல்ச் என்னும் மெதடிஸ்டுப் பல் மருத்துவர் திருவிருந்துக்கென்று சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் அடைத்துவைத்தார். நம் சபைகளில் இன்று வழங்கும் பழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது. மேலும், கொரிந்துவில் சிலர் வெறிகொண்டார்கள் என்று பவுல் கடிந்துகொள்கிறார். சாற்றைக் குடித்து யாரும் வெறிகொள்வதில்லை. திராட்சரசம் மனுஷனின் இருதயத்துக்கு மகிழ்ச்சி தரும் ஈவு என்று 104ஆம் சங்கீதம் ஆண்டவரைத் துதிக்கிறது. நீதிமொழிகளின் ஆசிரியரோ அதன் நிறத்தைப் பார்த்து மயங்கவேண்டாம் என்கிறார். இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவை.

நாம் குடிக்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். அது பொய்க் காரணமாக இருக்கக் கூடாது. கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் ஒருநாள் கைப்பேசியில் இந்த வரலாற்றை வாசிப்பார்கள். 'சாறு' என்று போதகர் சொன்னது தவறு என்று கண்டால், அதன்மேல் கட்டிய மதுவிலக்கையும் சேர்த்தே எறிந்துவிடுவார்கள். அப்படி எறிந்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும்.

உண்மையான காரணத்துக்கு எரேமியா 35ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். நம் பிரசங்கபீடங்களில் அதிகம் கேளாத அதிகாரம் அது. ரேகாபியர் என்னும் குடும்பத்தாரை ஆலயத்தின் ஓர் அறைக்கு அழைத்துவந்து, ரசம் நிறைந்த குடங்களையும் கிண்ணங்களையும் முன்வைத்துக் குடிக்கச் சொல்லும்படி ஆண்டவரே தீர்க்கதரிசியை ஏவுகிறார். அவர்கள் குடிக்கவில்லை. தங்கள் முற்பிதாவாகிய யோனதாப் வேண்டாம் என்று சொன்னார். நாங்களும் எங்கள் மனைவி பிள்ளைகளும் அதைக் காத்துவருகிறோம் என்றார்கள். யோனதாப் வாழ்ந்தது யெகூவின் காலத்தில். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தது. ஆண்டவர் அந்தக் குடும்பத்தைப் பாராட்டுகிறார். ஆனால் அவர்களுடைய நியமத்தை இஸ்ரவேலர் எல்லாருக்கும் சட்டமாக்கவில்லை. யூதாவின் திராட்சத்தோட்டங்களை வெட்டிப்போடும்படியும் சொல்லவில்லை. ஒரு குடும்பம், ஒரு காலம், ஒரு காரணம், ஒரு பொருத்தனை. ரேகாபியர் குடித்தவர்களைத் திட்டியதாக அந்த அதிகாரத்தில் ஓரெழுத்தும் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

நம் குடும்பத்துக்கும் ஒரு காரணம் உண்டு. 2023ஆம் ஆண்டு மே மாதத்தின் நடுப்பகுதியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில், நாள் முழுவதும் வேலை செய்த களைப்புத் தீரச் சாராயம் வாங்கிக் குடித்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக விழுந்தார்கள். விழுப்புரம் மாவட்டத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சேர்த்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்கள் குடித்தது சாராயம் அன்று. தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால். அடுத்த ஆண்டு, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் அதுவே 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

மெத்தனால் எப்படிக் கொல்கிறது என்பதை ஒருமுறையாவது தெரிந்துகொள்ளுங்கள். நிறத்திலும் மணத்திலும் மற்ற மதுசாரத்திலிருந்து அதைப் பிரித்தறிவது அரிது. ஈரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்குகிறது. ஆகையால்தான் பலருக்கு முதலில் பார்வை மங்குகிறது. மாற்றம் நடக்கப் பல மணி நேரம் பிடிப்பதால், குடித்தவர் வழக்கமான மயக்கம் என்று எண்ணிப் படுத்துவிடுகிறார். மருத்துவமனைக்குப் போகவேண்டிய நேரம் உறக்கத்தில் போகிறது. சாராயம் குடித்தபின் பார்வை மங்கினால், வயிறு வலித்தால், மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். குடித்ததற்காக யார் ஏசினாலும் பரவாயில்லை. மருத்துவர்கள் கொடுக்கும் மாற்றுமருந்துகளில் ஒன்று எத்தனால், அந்த விருந்தின் கோப்பைகளில் இருந்த அதே மதுசாரம். மெத்தனாலுக்கு முன்னதாக ஈரல் அதைச் செரிக்கத் தொடங்குவதால், நஞ்சு நஞ்சாக மாறாமல் வெளியேற நேரம் கிடைக்கிறது.

அந்த வாரத்தில் மாண்டவர்களின் குடும்பங்களுக்கு அரசு தலா 10 இலட்சம் ரூபாய் அறிவித்தபோது, குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம் என்று நாடெங்கும் கேட்டார்கள். நம் சபையிலும் அந்தக் கேள்வி என் காதில் விழுந்தது. விதவைகளின் முகத்தைப் பார்த்துக் கேட்டவர் எவரும் இல்லை. இந்த மாநிலத்தில் மதுவின் கதை நீண்டது: 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், 1971இல் அது தளர்ந்தது, பின்பு மீண்டும் வந்தது, மீண்டும் போனது, 2003 முதல் சில்லறை விற்பனையே அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. நமக்குத் தெற்கே, கனகசெட்டிகுளத்து எல்லையைத் தாண்டினால் புதுச்சேரியின் சட்டம். அங்கே சாராயக்கடைக்கும் உரிமம் உண்டு. கடையில் விற்கும் புட்டிக்கும் பணம் இல்லாதவரையே கலப்படக்காரன் தேடிவருகிறான். பணம் உள்ளவர் குடித்து ஈரல் கெட்டுச் சாகலாம். மெத்தனால் குடித்துச் சாவதில்லை.

கொரிந்து சபையின் விருந்தை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். செல்வரின் வீட்டில் சபை கூடியது. உணவு அறையில் மூன்று சாய்மஞ்சங்கள், மஞ்சத்துக்கு மூவராக ஒன்பது பேர் சாய்ந்து உண்ணலாம். அவ்வளவே அந்நாளைய வழக்கமான உணவு அறை. வேலை முடிந்து தாமதமாக வந்த அடிமைகளுக்கும் கூலியாட்களுக்கும் முற்றம். உள்ளே இருந்தவர்கள் முன்னதாகவே உண்டு குடித்து முடித்தார்கள். வெளியே இருந்தவர்கள் பசியோடு நின்றார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய பந்தி என்றார்கள். அது கர்த்தருடைய பந்தியே அல்ல என்கிறார் பவுல். ரசம் புளித்ததா இல்லையா என்று அவர் கேட்கவில்லை. இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்றே கேட்டார். முதலாம் நிருபம் 11ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் முழுவதுமாக வாசியுங்கள். திருவிருந்து ஒழுங்கில் நாம் வாசிக்கும் பகுதிக்கு முன்னால் உள்ள ஆறு வசனங்களையும் விடாமல் வாசியுங்கள்.

அன்றிரவு எங்கள் மேசைக்கு ஊற்றிய தம்பி மரக்காணத்துப் பக்கத்தவர். நான் கையால் கோப்பையை மூடியதும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "ஐயா, நீங்க கூனிமேட்டு ஐயர்தானே? தண்ணி கொண்டாரேன்" என்றார். இடையில் சற்று ஓய்வு கிடைத்தபோது பேசினோம். ஐந்து ரசங்களின் பெயரையும், தோட்டத்தையும், ஆண்டையும், எதனோடு எது பொருந்தும் என்பதையும் பிசகாமல் சொன்னார். சுவைத்ததுண்டா என்றேன். "இல்லீங்க ஐயா. அப்பா குடிப்பாருங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மேலும் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் தம்பியைப் போன்றவர்கள் நம் சபையிலும் இருக்கிறார்கள். மது ஊற்றும் வேலை செய்யும் பிள்ளைக்குத் திருவிருந்து கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கொடுப்பேன். நெகேமியா என்ன வேலை செய்தார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். பாரசீக ராஜாவின் பானபாத்திரக்காரர் அவர். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கும் செய்தியைச் சுமந்துகொண்டு, கையில் ரசக் கோப்பையோடு ராஜாவின் முன் நின்றார். அந்த நேரத்தில்தான் அவருடைய முகவாட்டத்தை ராஜா கண்டார். கோப்பையை ஊற்றும் கை நகரத்துக்காக அழக்கூடாது என்று எந்த வேதவசனமும் இல்லை.

கானா ஊர்க் கலியாணத்திலும் ஊற்றியவர்கள் இருந்தார்கள். ஆறு கற்சாடிகள், இன்றைய அளவில் மொத்தம் ஏறத்தாழ 450 முதல் 700 லிட்டர். பந்திவிசாரிப்புக்காரன் ருசிபார்த்து, இதுவரை வந்ததில் இதுவே நல்லது என்று சரியாகவே சொன்னான். சுவையில் அவன் தேர்ந்தவன். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது. தண்ணீரை மொண்ட வேலைக்காரருக்குத் தெரிந்திருந்தது என்று யோவான் தனியாகக் குறித்துவைக்கிறார். ஒவ்வொரு முறை இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கும்போதும் விருந்தாளிகளின் மகிழ்ச்சியைப் பற்றியே பேசுகிறோம். சாடிகளை விளிம்புமட்டும் நிரப்பக் கிணற்றுக்கும் வீட்டுக்குமாக நடந்தவர்களின் பக்கத்தில் நின்று அந்த அதிகாரத்தை வாசித்தால், ஆண்டவர் தம் முதல் அடையாளத்தின் இரகசியத்தை யாரிடம் ஒப்படைத்தார் என்பது தெரியும்.

ஆகவே என் கருத்து இது. திராட்சரசம் தீட்டு என்று நான் போதிக்கமாட்டேன். பிரான்சிலிருந்து வரும் நம் பிள்ளைகள் தங்கள் வீட்டு மேசையில் ஒரு கோப்பை அருந்தினால் அவர்களை விசுவாசத்தில் குறைந்தவர்களாக எண்ணவும் மாட்டேன். ஆனால் எக்கியார்குப்பத்துக்கும் கனகசெட்டிகுளத்துக்கும் நடுவில் வாழும் நாம், இந்தக் கடற்கரையில், இந்தக் காலத்தில், ரேகாபியரைப் போல இருப்போம். ரோமர் 14ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்லும் காரணம் நமக்குப் போதும்: என் சுதந்தரம் என் சகோதரன் இடறும் கல்லாக ஆகவேண்டாம். அந்தப் பொருத்தனை குப்பத்துக்கும் உப்பளத்துக்கும் மட்டும் உரியதாக இருந்தால் அதை நான் ஏற்கமாட்டேன். மேல்மாடி அறையிலிருந்து அது தொடங்கவேண்டும். நம் ஊரில் இஸ்லாமிய அண்டைவீட்டார் எத்தனை பெரிய கலியாணத்தையும் ஒரு சொட்டு மது இல்லாமல் நடத்தி, வந்தவர் எல்லாரையும் மகிழ்ச்சியாக அனுப்புவதைப் பார்க்கிறோம். நம்மால் முடியாதா?

குடிப்பழக்கத்தில் இருக்கும் சகோதரருக்கு ஒரு வார்த்தை. இதை நீங்களே வாசிக்கவில்லை, வீட்டார் வாசித்துக்காட்டுகிறார்கள் என்று அறிவேன். உங்களை வெளியே அழைத்துச் செல்லும் வழக்கம் இந்த ஞாயிறோடு நிற்கிறது, மூப்பர்களிடம் பேசிவிட்டேன். வாடையோடு வந்தாலும் வாருங்கள். பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்த உடலுக்குத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரக்கூடும். ஆகவே ஜெபம் செய்து ஒரே நாளில் விட்டுவிடுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பமாட்டேன். அரசு மருத்துவமனைக்கு உங்களோடு நானே வருகிறேன். வரிசையில் சேர்ந்து உட்காருகிறேன்.

வரும் முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனை. இம்முறை ரசத்துக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை வருகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் திராட்சையைத் தமிழ்நாட்டுக்கு 1832இல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பார்கள். சனிக்கிழமை பிற்பகல் போதகர் இல்லத்துச் சமையலறையில் காய்ச்சுவோம். பழம் ஆய்ந்து கழுவ நான்கு பேர் வந்தால் உதவியாக இருக்கும். ஆராதனைக்குப்பின் ஆலய வளாகத்தில் வேப்பமரத்தடியில் எல்லாரும் ஒன்றாகத் தரையில் அமர்ந்து உண்கிறோம். வீட்டுக்கு ஒரு பாத்திரம் குழம்போ பொரியலோ கொண்டுவாருங்கள். சோறு சபையின் பொறுப்பு. உப்பளத்தில் வேலைக்குப் போகிறவர்கள் வந்துசேரும் வரை இலை போடவேண்டாம் என்று பரிமாறுகிறவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். குடிக்க மோரும் நன்னாரி சர்பத்தும் இருக்கும்.